வெளிர் ரோஸில் நிறுத்த வேண்டும்

நாமக்கல்லுக்கு வெளியே, இருபுறமும் கோழிப்பண்ணைகள் இருந்த ஒரு சாலையில்தான் எங்கள் விடுதிப் பள்ளி இருந்தது. காற்று திரும்பும் நாள்களில் வகுப்பறைக்குள்ளேயே பண்ணை நாற்றம் வரும். யாரும் மூக்கைப் பொத்த மாட்டோம். பொத்தினால் எதிரே நிற்கும் ஆசிரியர் தம்மைக் கேலி செய்வதாக நினைத்துக்கொள்வார். எடப்பாடியில் விசைத்தறி ஓட்டும் என் அப்பா, பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு என்னை அங்கே கொண்டுவந்து விட்டார். டாக்டர் ஆக்குவதற்கு. அந்தப் பள்ளிக்கு வந்த எல்லாப் பிள்ளைகளும் டாக்டராவதற்குத்தான் வந்திருந்தார்கள்.

பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்த சார் கெட்டிக்காரர். பாடத்தில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. யாரோ ஒரு பெற்றோர் சண்டை போட்டதில் பள்ளியில் பிரம்பு நின்றுபோயிருந்தது. பிரம்பு இல்லாமல் அடிக்க அவர் வேறு வழி வைத்திருந்தார். ஆய்வகத்தில் யார் விடை எவ்வளவு தவறுகிறதோ, அந்த எண்ணையே அவனுக்குப் பெயராக்கிவிடுவார். சரியான விடையிலிருந்து நான் எப்போதும் பாயிண்ட் நான்கு மில்லி தள்ளிப்போனேன். ஆகவே என் பெயர் பாயிண்ட் ஃபோர். சாப்பாட்டு வரிசையில், குளியலறை வாசலில், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேச போன் தருகிற இடத்தில், எங்கும் அதுதான் பெயர். விடுதிக் காப்பாளருக்கே என் சொந்தப் பெயர் மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தரம்பார்த்தல் என்பது பார்ப்பதற்கு எளிமையான வேலை. கீழே கூம்புக் குடுவையில் அமிலம் இருக்கும். அதில் நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டிருப்போம். மேலே பியூரெட் என்கிற நீண்ட கண்ணாடிக் குழாயில் காரம். குழாயின் திறப்பைத் திருகிச் சொட்டுச் சொட்டாகக் காரத்தை இறக்கிக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். அமிலம் முழுக்கத் தீர்ந்த அடுத்த சொட்டில், தண்ணீர் போல இருந்த திரவம் வெளிர் ரோஸ் ஆகும். அந்தச் சொட்டோடு நிறுத்திவிட்டு, எவ்வளவு காரம் இறங்கியது என்று குழாயில் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கூடினாலும் பிழை.

"ஒரு சொட்டு சாமி, ஒரே சொட்டு. அதுல நிறுத்தத் தெரியாதவன் நாளைக்கு நோயாளிக்கு ஊசி போடுவானா?" என்று சார் கேட்பார். எங்கள் பக்கத்தில் சாமி என்று பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அவர் வாயில் அந்தச் சொல் வந்தால் யாருக்கோ தண்டனை என்று அர்த்தம்.

பிழை செய்தவர்களுக்குத் தண்டனையும் உண்டு. பியூரெட் நிறையத் தண்ணீர் ஊற்றி, அதைத் தாங்கியில் மாட்டாமல் கையில் நேராகப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். தண்ணீர் தளும்பினால் மறுபடி நிரப்பி, மறுபடி முதலிலிருந்து. ஜன்னல் வழியாக மற்றவர்கள் பார்ப்பார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நான் நின்றிருக்கிறேன்.

நான் சோம்பேறி இல்லை. என் கண் அந்த ரோஸைப் பார்க்கவே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் "வந்துருச்சு, நிறுத்துடா" என்று கத்தும்போது என் குடுவையில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். இன்னும் சில சொட்டு விட்ட பிறகு ஏதோ ஒரு மங்கல் தெரியும், துணி அலசிய தண்ணீர் மாதிரி. அதைத்தான் எல்லோரும் ரோஸ் என்கிறார்கள் என்று நினைத்தேன். மற்றவர்கள் பழகியவர்கள், எனக்குப் பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்றும் நினைத்தேன்.

உண்மையை முதலில் கண்டுபிடித்தவள் என் மேசையில் எதிர்ப்புறம் நின்ற பெண். அவள் வீட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் பேசினால் பெற்றோரை வரவழைத்துவிடும் பள்ளி அது. ஆய்வகம் ஒன்றுதான் விதிவிலக்கு. அங்கும் பியூரெட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேச வேண்டும். ஒருநாள் அவள் இரண்டு குடுவைகளை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"இதுல எது ரோஸு?"

நான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான்.

"வெளையாடாதே" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். "யார்கிட்டயும் சொல்லாத. மெடிக்கல் பேட்ச்ல இருந்து தூக்கிருவாங்க" என்று குழாயைப் பார்த்தபடியே சொன்னாள்.

பயம் கொஞ்சம் தணிந்த பிறகு வேறொன்று தோன்றியது. நான் தள்ளிப்போவது எப்போதும் ஒரே அளவுதானே? அப்படியானால் அந்த அளவை அளந்துவிடலாம். மறுநாள் அமிலமே இல்லாமல் வெறும் காய்ச்சி வடித்த நீரை எடுத்தேன். அதில் அதே நிறங்காட்டியை விட்டு, என் கண்ணுக்கு அந்த அழுக்கு மங்கல் தெரிகிறவரை காரம் விட்டேன். பாயிண்ட் நான்கு மில்லி. திரும்பச் செய்தேன். அதேதான். இனி என் கண்ணுக்குத் தெரிகிற இடம்வரை போய், வந்த அளவில் அதைக் கழித்தால் போதும்.

அன்றிலிருந்து என் விடைகள் தப்பவில்லை. சார் நோட்டில் எண்ணை மட்டும்தான் பார்ப்பார். குடுவை அவர் கண்ணில் படுவதற்கு முன் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். சில வாரங்களில் வகுப்பிலேயே சரியான விடை என்னுடையதும் அந்தப் பெண்ணுடையதும்தான். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி பள்ளி மாணவர்களுக்கு வேதியியல் போட்டி நடத்தியபோது எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்தார். "பாயிண்ட் ஃபோர் இப்ப ஜீரோ ஆயிட்டான் பாருங்கடா" என்று அவர் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

போட்டி ஆடி மாதத்தில் நடந்தது. பள்ளி வேனில் சாரோடு போனோம். எங்களோடு வினாடி வினாவுக்கும் பேச்சுக்கும் என்று இன்னும் சில மாணவர்கள் வந்தார்கள்.

ஆய்வகம் எங்கள் வகுப்பறைகளைவிடப் பெரிதாக, குளிராக இருந்தது. நடுவராக வந்த பேராசிரியை வெடுக்கென்று பேசுகிறவர். தொடங்குவதற்கு முன் ஒரு விதியைச் சொன்னார்.

"முடிச்ச குடுவையை யாரும் கழுவக் கூடாது. அப்படியே மேசையில வைங்க. நான் வந்து கலர் பார்த்துதான் மார்க் போடுவேன்."

எதிரே நின்ற அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை விலக்கிக்கொண்டாள். ஓடிவிடலாமா, வாந்தி வருகிறது என்று சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். பிறகு வேலையைத் தொடங்கினேன், எனக்குத் தெரிந்த ஒரே முறையில். முதலில் வெறும் நீர், அடுத்து அமிலம். இரண்டு முறை செய்து பார்த்தேன், இரண்டும் பொருந்தின. கழித்து எழுதினேன்.

பேராசிரியை ஒவ்வொரு மேசையாக வந்தார். என் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னப்பா இது? பீட்ரூட் வேகவச்ச தண்ணியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் தாளை எடுத்து விடையைப் பார்த்தார். பிறகு தம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கலர் இவ்வளவு தாண்டிப் போயிருக்கு. ஆனா விடை மட்டும் அச்சடிச்ச மாதிரி சரியா இருக்கு. யார் சொன்னாங்க உனக்கு?"

"யாரும் சொல்லலீங்க மேடம். கழிச்சு எழுதினேனுங்க."

"எதுக்குக் கழிக்கணும்? எதைக் கழிச்ச?"

சொன்னால் என் கண் விஷயம் வெளியே வந்துவிடும். அவர் கதவுப் பக்கம் நின்ற எங்கள் சாரைக் கூப்பிட்டார். விடை எப்படி வெளியே போனது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சார் அப்படி நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம், பையன்கிட்டயே கேளுங்க" என்றார்.

அப்போதுதான் என் மேசைப் பெண் பேசினாள். "மேடம், அவன் காப்பி அடிக்கலீங்க. அவனுக்கு ரோஸ் கலர் தெரியாதுங்க."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லாமல் என்னைத் திருடன் என்றே வெளியேற்ற விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்று மாலைக்குள் நினைத்தேன்.

பேராசிரியை வேறொரு அமிலத்தைக் கொண்டுவரச் சொன்னார். "எங்க, என் முன்னாடி செய்."

மற்ற பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். குடுவை ரோஸாக மாறிய நொடியில் அத்தனை பேரும் "ஓ..." என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் திறப்பை மூடாமல் இன்னும் விட்டேன். மறுபடி "ஓ..." என்றார்கள். பின்னால் ஒருவன், "நெசமாவே தெரியலடா அவனுக்கு" என்று அதிசயப்பட்டான். முடித்து, கழித்து, எழுதிக் கொடுத்தேன். சரியாகவே இருந்தது.

பேராசிரியை தலையாட்டினார். "கணக்கு சரி. இப்படிக் கழிக்கிற முறையும் உண்டு. ஆனா நான் மார்க் போடுறது முடிவுநிலையைக் கண்ணால பிடிக்கிறதுக்கு. அது உன்னால முடியாது. தப்பா எடுத்துக்காத" என்று சொல்லி என் தாளில் ஒரு கோடு போட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பரிசளிப்பு விழாவில் மேடையேறிப் பேசும்போது, இன்று ஒரு விசேஷமான மாணவனைச் சந்தித்தேன் என்று தொடங்கினார். ரோஸ் நிறம் தெரியாமலேயே தரம்பார்த்த கதையைச் சொன்னார். "எங்க அந்தப் பையன், எந்திரிப்பா" என்றார். எழுந்தேன். அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. முன்வரிசையில் ஒருவர் தம் சட்டையைத் தொட்டுக் காட்டி, இது தெரிகிறதா என்று சைகையில் கேட்டார். எனக்குப் பரிசு எதுவும் கொடுக்கவில்லை. என் மேசைப் பெண்ணுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அவள் மேடைக்குப் போனபோது யாரும் தட்டினார்களா என்று எனக்கு நினைவில்லை.

கல்லூரியிலிருந்து வேன் கிளம்பியது. சேலம் ஊருக்குள் நுழைந்து முதல் சிக்னலில் நின்றதும் சார் முன்இருக்கையிலிருந்து திரும்பினார்.

"சாமி, இங்க முன்னாடி வா. டிரைவர் பக்கத்துல நில்லு. இப்ப என்ன கலர் எரியுது, சொல்லு."

"செவப்புங்க சார்."

"மேல இருக்கறதப் பாத்துச் சொல்றியா, கலரப் பாத்துச் சொல்றியா?"

டிரைவர் சிரித்தார். பின்னால் முதலில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த சிக்னலில் ஒருவன் சிரித்தான். அதற்கடுத்து, கேள்வியை சார் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த பஸ் என்ன கலர், அந்தம்மா புடவை என்ன கலர், அந்த ஆட்டோ, அந்த போர்டு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சரியாகச் சொன்னால் "அட" என்றார்கள். தவறினால் வேனே குலுங்கியது. என்னோடு ஒரே அறையில் தூங்கியவர்கள்தான். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டிருக்கிறேன். அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டான். கோழிப்பண்ணைப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. அவர்களை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில் கடைவீதி நெரிந்தது. ஒரு மொத்தக் கடை வாசலில் கலர்க் கோலப்பொடி மூட்டைகளை வாய் திறந்து வரிசையாக வைத்திருந்தார்கள். சார் இறங்கி, எல்லோரையும் இறக்கினார்.

"எங்க வீட்ல கோலப்பொடி கேட்டாங்க. ரோஸ் கலர்ல ஒரு பொட்டலம் அள்ளிட்டு வா. கடைக்காரர்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது. நீயேதான் அள்ளணும்."

மூட்டைகளின் முன்னால் போய் நின்றேன். மஞ்சளும் நீலமும் தெரிந்தன. மற்றவை எல்லாம் எனக்கு ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் மாதிரி இருந்தன. ஆட்டோ ஒன்று என்னை இடித்துக்கொண்டு போனது. கடைக்காரர், "ஏனுங்க தம்பி, எது வேணுமுங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டுவிட்டு, ஊமைப் பையன் என்று நினைத்தாரோ என்னவோ, தாளைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். ஒரு மூட்டையிலிருந்து அள்ளி மடித்துக்கொண்டு வந்து சாரிடம் நீட்டினேன்.

அவர் பிரித்து எல்லோருக்கும் காட்டினார். பச்சை. இளம்பச்சை என்று ஒருவன் திருத்தினான். சார் சிரிக்கவில்லை. பொடியை ஒரு சிட்டிகை எடுத்து, திருநீறு வைப்பதுபோல் என் நெற்றியில் பூசினார்.

"ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் துடைக்காத. அந்தப் பொம்பள முன்னாடி என்னைக் கையக் கட்டி நிக்கவச்ச பாரு, அதுக்கு."

நாமக்கல் வரும்வரை நான் துடைக்கவில்லை. வியர்வையில் அது கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள். என்னமோ குற்றம் நடந்துவிட்டது என்று பதறி, வெளுத்த வேட்டியோடு வந்து சார் அறையில் நின்றார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"உங்க பையன் கலர் பிளைண்டுங்க. டாக்டர் கீக்டர் எல்லாம் ஆக முடியாது. பேசாம காமர்ஸ் குரூப்புக்கு மாத்திக்கங்க. இப்பவே மாத்தினாத்தான் உண்டு."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "கண்ணு தெரியாதுங்களா சார்?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சார் விளக்கினார். பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது, ரோஸ் சுத்தமாகத் தெரியாது, வேனில் என்னவெல்லாம் சொன்னான் தெரியுமா என்று கோலப்பொடிக் கதையையும் சேர்த்துச் சொன்னார்.

அப்பா சிரித்தார். சார் சிரித்ததால் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு அவருக்கும் சொல்ல ஒன்று கிடைத்தது.

"ஆமாமுங்க சார், தறியிலயும் இப்படித்தானுங்க. பச்சைத் தாரு கேட்டா பழுப்பை மாட்டிப்போடுவான். எத்தனை துண்டு கரை கெட்டுப்போச்சுங்க. ஒருக்கா பெல்ட்டுலயே ரெண்டு வச்சேனுங்க, அப்பயும் திருந்தலீங்க."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். தார் என்பது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் கண்டு. அந்த அடி என் முதுகில் எத்தனை நாள் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கவனமில்லாமல் தவறு செய்கிறேன் என்று நானே நம்பி, அடி வாங்கிய பிறகு தாரைக் கையில் வைத்து உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அப்பா கேட்டார்.

"நெசமாலுமே தெரியாதா உனக்கு?"

"தெரியாதுப்பா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கே தெரியாதேப்பா."

அவர் முகம் ஒரு கணம் வேறு மாதிரி ஆனது. ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி சொன்னார்: "ஊருல யாருக்கும் தெரிய வேண்டாம். நாளைக்குத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கோணும்."

என்னைக் காமர்ஸுக்கு மாற்றினார்கள். வேதியியல் சார் இனி எனக்கு இல்லை. ஆனால் அவர் வைத்த பெயர் மட்டும் வேறொன்றாக மாறி, பள்ளி முடியும்வரை வந்தது. ரோஸ். வெறும் நீரில் முதலில் செய்து பார்த்துக் கழிக்கும் அந்த முறையை அவர் அடுத்த வகுப்புக்குப் பாடமாகவே எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். யாரிடமிருந்து வந்தது என்று சொன்னாரா என்பது தெரியாது. நிறம் சரியாகத் தெரியாதவர்களும் மருத்துவம் படிக்கிறார்கள், நம் ஊரிலேயே அப்படி டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் பி.காம். முடித்து ஒரு தணிக்கையாளரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அன்றைக்கு சார் விசாரித்துவிட்டுச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னார். அதை என் அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பதினொன்றாம் வகுப்புக் காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா என்னைச் சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் பொட்டுப் பொட்டாக வண்ணம் வைத்த அட்டைகளைக் காட்டி எண்களைப் படிக்கச் சொன்னார். முதல் அட்டையைத் தவிர எதிலும் எனக்கு எண் தெரியவில்லை.

"கண்ணாடி போட்டாச் சரியாவுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"இது நோயில்லீங்க. மருந்தும் இல்ல. பிறவியில வர்றது. பசங்களுக்கு அம்மா வழியா வரும்."

டாக்டர் தெரிந்ததைச் சொன்னார். வீட்டில் அது போய் வேறு வேலை செய்தது. சாம்பாரில் உப்புக் குறைந்தாலும், தறியில் நூல் அறுந்தாலும், "உங்கூட்டுச் சரக்குதான், வேற என்ன" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டார். அம்மா முதல் சில தடவை பதில் சொன்னாள். தன் அண்ணன் ஒருவனும் சின்ன வயதில் பழுத்த மிளகாய் எது, காய் எது என்று தெரியாமல் பறித்து அடிவாங்கியதை ஞாபகப்படுத்திச் சொன்னாள். அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அந்த விடுமுறையில் தறிக்கு ஆள் வரவில்லை. நான் எழுந்து பட்டறைக்குள் போனதும் அப்பா கையை நீட்டி மறித்தார்.

"வெள்ளைத் தறிய மட்டும் ஓட்டு. கலர்ப் பக்கம் வந்தீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்."

நாள் முழுக்க வெள்ளை வேட்டி ஓட்டினேன். நூல் அறுந்தால் முடிந்தேன், தார் தீர்ந்தால் மாற்றினேன். பக்கத்துத் தறியில் அப்பா கலர்க் கரை போட்டுக்கொண்டிருந்தார். அது என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.